எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் போகிறவர்களுக்கு ஒரு ஹார்மோன் கணக்கு

"ஏளா, வாயைக் கட்டத் தெரியாம வயித்தைக் கீறிட்டு வந்திருக்கியே?"

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று என் பெரியம்மை கேட்டது இது. அவளைக் குறை சொல்ல மாட்டேன். நானே பல வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தேன். திருநெல்வேலி டவுனில் சைவ வீடு, 158 சென்டிமீட்டர் உயரம், 102 கிலோ எடை, 6 வருஷமாகச் சர்க்கரை, தைராய்டுக்கு மாத்திரை. பேலியோ, கொள்ளுக் கஞ்சி, காலையில் வெந்நீரில் தேன் என்று எல்லாம் பார்த்தாயிற்று. 8 கிலோ குறையும், 10 கிலோ ஏறும். இரைப்பை பைபாஸ் (இதய பைபாஸ் இல்லை) செய்துகொண்டு 4 வருஷமாகிறது. இப்போது தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று யாராவது போன் போட்டு விசாரிக்கிறார்கள். எல்லோரிடமும் ஒரே கதையைச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. பைலைத் தூக்கிக்கொண்டு அலைந்தவள். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டர் சொல்லித்தான் நடக்க வேண்டும்.

முதலில் பசியைப் புரிந்துகொள்ளுங்கள்

வயிற்றைச் சின்னதாக்கினால் கொஞ்சமாகச் சாப்பிடுவோம், அதனால் எடை குறையும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. இரைப்பையின் மேல்பகுதியில் கிரெலின் என்றொரு ஹார்மோன் சுரக்கிறது. 1999-ல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். சாப்பாட்டு நேரம் நெருங்க நெருங்க அது ரத்தத்தில் ஏறி, மூளையிடம் போய் 'சோறு எங்கே' என்று கேட்கும். உடம்புக் கொழுப்பிலிருந்து லெப்டின் என்று இன்னொன்று வரும், 'சேமிப்பு போதும்' என்று சொல்ல. இது 1994-ல் தெரியவந்தது. குண்டாக இருப்பவர்களுக்கு லெப்டின் குறைவாக இருக்கும் என்றுதானே தோன்றும்? நேர்மாறு. ரத்தத்தில் ஏகப்பட்டது ஓடும், மூளைதான் அதன் சொல்லைக் கேட்பதை நிறுத்தியிருக்கும்.

பட்டினி கிடந்து எடையைக் குறைத்தால் என்ன ஆகும்? லெப்டின் சட்டென்று விழும். கிரெலின் ஏறும். உடம்பு 'பஞ்சம் வந்துவிட்டது' என்று எடுத்துக்கொண்டு, பசியைக் கூட்டி, செலவைக் குறைக்கும். என் 8 கிலோவும் 10 கிலோவும் இந்தக் கணக்குத்தான். இது தெரிந்த அன்று எனக்குக் கொஞ்சம் அழுகை வந்தது, ஏனென்றால் அதுவரை என் நாக்கைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷன் இந்த இடத்தில்தான் கை வைக்கிறது. ஸ்லீவ் முறையில் இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். கிரெலின் அதிகம் சுரக்கும் மேல்பகுதி அதோடு போய்விடும். பைபாஸில் 30 மில்லி அளவுக்கு ஒரு சின்னப் பை மட்டும் வைத்து, சிறுகுடலின் முதல் பகுதியைத் தாண்டி சாப்பாட்டை இறக்குகிறார்கள். அரைகுறையாய்ச் செரித்த சாப்பாடு குடலின் கீழ்ப்பகுதிக்குச் சீக்கிரம் போய்ச் சேரும்போது, அங்கிருந்து ஜி.எல்.பி.-1, பி.ஒய்.ஒய். என்ற ஹார்மோன்கள் முன்பைவிடப் பல மடங்கு வரும். இவை வயிறு நிறைந்த உணர்வைக் கொடுக்கும். ஜி.எல்.பி.-1 கணையத்தைத் தட்டி இன்சுலினையும் சுரக்க வைக்கும்.

வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் என்ற சர்ஜன் இந்த பைபாஸை 1966-லேயே செய்துவிட்டார். அல்சருக்காக இரைப்பையின் ஒரு பகுதியை எடுத்தவர்கள் மெலிந்துபோவதைப் பார்த்து வந்த யோசனை அது. லெப்டினும் கிரெலினும் தெரியவர அதற்குப் பிறகு கிட்டத்தட்ட 30 வருஷம் ஆயிற்று.

உங்களுக்குத் தேவையா

எடையைக் கிலோவில் எழுதி, உயரத்தை மீட்டரில் எழுதி, உயரத்தை உயரத்தால் பெருக்கி வந்ததைக் கொண்டு வகுத்தால் பி.எம்.ஐ. எனக்கு 1.58-ஐ 1.58-ஆல் பெருக்கினால் 2.5. 102-ஐ அதால் வகுத்தால் கிட்டத்தட்ட 41. உலக அளவிலான அறுவை சிகிச்சை சங்கங்கள் 2022-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, 35-க்கு மேல் இருந்தால் வேறு வியாதி இல்லாவிட்டாலும் ஆபரேஷன் பற்றிப் பேசலாம். இரண்டாம் வகைச் சர்க்கரை இருந்தால் 30-லேயே பேசலாம். நம்மைப் போன்ற ஆசியக்காரர்களுக்கு வயிற்றுக் கொழுப்பு சீக்கிரமே சேதம் செய்வதால் 27.5-லிருந்தே யோசிக்கலாம் என்கிறார்கள். யோசிக்கலாம் என்றால் செய்தே ஆக வேண்டும் என்று அர்த்தமில்லை.

இன்சூரன்ஸ் கணக்கு இதைவிடக் கறார். 18 வயதுக்கு மேல், பி.எம்.ஐ. 40-ஆவது இருக்க வேண்டும். அல்லது 35-க்கு மேல் இருந்து இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல், கட்டுக்கடங்காத சர்க்கரை மாதிரி ஏதாவது இருக்க வேண்டும். காத்திருப்புக் காலமும் உண்டு. பாலிசித் தாளை ஆபரேஷனுக்கு முன்பே ஒருவரிடம் கொடுத்து வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள். பில் வந்த பிறகு படித்துப் பிரயோஜனமில்லை.

ஆபரேஷனுக்கு முன் ஒரு பைல்

கடையில் 20 ரூபாய்க்கு பிளாஸ்டிக் பைல் கிடைக்கும். அதை வாங்குவதுதான் முதல் வேலை. நம் ஊரில் ஸ்கேனை ஒரு பீரோவிலும் ரத்த ரிப்போர்ட்டை பருப்பு டப்பாவுக்கு அடியிலும் வைக்கிற பழக்கம் இருக்கிறது. இந்த ஆபரேஷனுக்கு அது ஆகாது.

பைலில் இருக்க வேண்டியவை: மூன்று மாதச் சராசரி சர்க்கரை, தைராய்டு நிலையைக் காட்டும் டி.எஸ்.எச்., வைட்டமின் டி, பி12, இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின், கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், கல்லீரல் பரிசோதனை, வயிற்று ஸ்கேன், எண்டோஸ்கோபி. பாளையங்கோட்டை வெயிலில் வெந்தவளுக்கு வைட்டமின் டி எப்படிக் குறையும் என்று நான் சிரித்தேன். ரிப்போர்ட்டில் குறைவுதான். கொழுப்பு அதிகமாக இருந்தால் அந்த வைட்டமின் கொழுப்புக்குள் போய் ஒளிந்துகொள்ளுமாம்.

சர்க்கரை இருப்பவர்கள் சி-பெப்டைடு என்ற பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் கணையம் இன்னும் எவ்வளவு இன்சுலின் செய்கிறது என்று அது காட்டும். சர்க்கரை வந்து 3, 4 வருஷம்தான் ஆகிறது, மாத்திரையில் ஓடுகிறது என்றால் ஆபரேஷனுக்குப் பிறகு மாத்திரையே இல்லாமல் இருக்கும் வாய்ப்பு நல்லது. 15 வருஷமாக இன்சுலின் ஊசி என்றால், தட்டுவதற்கு ஜி.எல்.பி.-1 வந்து நின்றாலும் திறக்க கணையத்தில் ஆள் குறைவு. எடை குறையும், டோஸ் குறையும், சர்க்கரை முழுசாகப் போகாது. யாராவது 'சுகர் சுத்தமாப் போயிரும்' என்று உறுதி கொடுத்தால், இந்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறாரா என்று கேளுங்கள்.

இன்னொன்று, பலரும் விட்டுவிடுவது. உடம்பு பருத்ததற்குக் காரணமே ஒரு ஹார்மோன் கோளாறாக இருக்கலாம். முகம் நிலாவாக உருண்டு, கைகால் மெலிந்து, வயிற்றில் ஊதா நிறத்தில் அகலமான கோடுகள் விழுந்து, லேசாக இடித்தாலே கன்றிப்போனால் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் அதிகமா என்று பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் வைத்தியமே வேறு. மூட்டு வலிக்கும் மூச்சிரைப்புக்கும் பேர் தெரியாத பொடி வாங்கித் தின்கிறவர்கள் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். சொன்னால் திட்டுவார் என்று பயந்து, தானாக ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். உடம்பு தன் கார்ட்டிசாலைச் சுரக்க மறந்திருக்கும் நேரத்தில் அது ஆபத்து.

ஆபரேஷனுக்கு முன் சுமார் 2 வாரம் குறைந்த கலோரிச் சாப்பாடு கொடுப்பார்கள். கொழுப்பேறிய கல்லீரல் சுருங்கினால்தான் அடியில் இருக்கும் இரைப்பை சர்ஜனுக்குத் தெரியும். அந்த 2 வாரத்தில் கல்யாண வீடு எதுவும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு வந்தது. மறுவீட்டுச் சொதியும் இஞ்சிப் பச்சடியும் எதிரே இருக்க, மோரைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

ஸ்லீவா, பைபாஸா

இதை இரண்டே வரியில் முடிக்கிறேன், ஏனென்றால் தீர்மானிக்க வேண்டியவர் சர்ஜன். நெஞ்செரிச்சல் கடுமையாக இருப்பவர்களுக்கு ஸ்லீவ் அதைக் கூட்டிவிடலாம். சர்க்கரைக்கு பைபாஸ் சற்று மேல், ஆனால் சத்துக் குறைபாடும் அதில்தான் அதிகம்.

ஊரைப் பற்றி மட்டும் ஒன்று. மதுரை, சென்னை, கோயம்புத்தூர் எங்கே வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். ஆனால் ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறித்தான் அந்த டாக்டரைப் பார்க்க முடியும் என்றால், அவசரத்துக்கு உள்ளூரில் உங்கள் பைலைப் புரட்டிப் பார்க்க ஒரு சர்ஜனையும் ஒரு சர்க்கரை டாக்டரையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மாதம்: மாத்திரைதான் வில்லன்

எங்கள் தெருவில் ஒரு அண்ணாச்சி. வேறு ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் செய்துகொண்டு வந்தார். பேர் வேண்டாம். டிஸ்சார்ஜ் தாளில் பழைய மருந்துச் சீட்டை அப்படியே நகல் எடுத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலையில் வழக்கமான கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு அரை டம்ளர் மோர் குடித்திருக்கிறார். 11 மணிக்கு மைனி எங்கள் வீட்டு நடையில் வந்து நின்று, "அவுக என்னமோ ஒளறுதாவ, சட்டையெல்லாம் நனைஞ்சிட்டு" என்றாள். என் சர்க்கரை மெஷினை எடுத்துக்கொண்டு ஓடினேன். விரலில் குத்தினால் சர்க்கரை 48, ரொம்பக் குறைவு. குளுக்கோஸைக் கரைத்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி குத்தி, ஆட்டோவில் ஏற்றினோம்.

நடந்தது என்ன? சாப்பாடு கால்வாசியாகிவிட்டது. குடல் ஹார்மோன் மாறியதில் இன்சுலினும் முன்பைவிட நன்றாக வேலை செய்கிறது. எடை குறையும் முன்பே, முதல் சில நாட்களிலேயே சர்க்கரை இறங்க ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் சாப்பாட்டைப் பார்க்காமல் கணையத்தைக் கசக்கும் மாத்திரை பழைய டோஸில் உள்ளே போனால் இதுதான் ஆகும். ஆகவே டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒவ்வொரு மாத்திரையாகக் கையில் எடுத்துக் காட்டி, 'இது வேணுமா, எவ்வளவு, எப்ப நிறுத்தணும்' என்று எழுதி வாங்குங்கள். பிரஷர் மாத்திரைக்கும் இதே கதைதான். எழுந்து நின்றால் கண் இருட்டுகிறதா, டாக்டரைக் கூப்பிடுங்கள்.

சாப்பாடு முதலில் தண்ணியாக, பிறகு கூழாக, பிறகு குழைந்ததாக, ஒன்றரை, இரண்டு மாதத்தில்தான் சாதாரணமாக வரும். தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்கக் கூடாது, அரை மணி நேரம் தள்ளி. புரதம் ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம். மீன் சாப்பிடுகிற வீட்டில் நாலு சாளையும் முட்டை வெள்ளையும் பாதி வேலையை முடித்துவிடும். எங்களைப் போன்ற சைவ வீட்டில்தான் பாடு. பாசிப்பயறு, பனீர், தயிர், சோயா, உளுந்தங்கஞ்சியில் கருப்பட்டியைத் தள்ளிவிட்டு உப்புப் போட்டுக் குடிப்பது, போதாததற்குப் புரதப் பவுடர்.

விடாமல் வாந்தி வந்தால் 'பழகிரும்' என்று காத்திருக்காதீர்கள். பி1 வைட்டமின் வேகமாகத் தீர்ந்து நரம்பையும் மூளையையும் தொடும். பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ நடை தள்ளாடினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. காய்ச்சல், வயிற்று வலி, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடப்பு மூன்றும் தையல் கசிவுக்கு அடையாளமாக இருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கினாலும் தாமதம் கூடாது.

அல்வாக் கதை

ஒரு வருஷம் ஓடி 31 கிலோ குறைந்த திமிரில் ஒரு நாள் சாயங்காலம் டவுனில் அல்வா வாங்கினேன். 50 கிராம்தான். இலைத் துண்டில் சூடாக, நெய் விரலிடுக்கில் ஒழுக, ஊரே சாப்பிடுகிற மாதிரி நின்றுகொண்டே முழுங்கினேன். கால் மணி நேரம் ஆகவில்லை. நெஞ்சு அடித்துக்கொள்கிறது, நெற்றியில் வேர்வை, வயிறு முறுக்குகிறது, தலை சுற்றுகிறது. மூடியிருந்த ஒரு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். கூட வந்த தங்கச்சி ஹார்ட் அட்டாக் என்றே நினைத்துவிட்டாள்.

இதற்கு டம்பிங் என்று பேர். பைபாஸில் இரைப்பையின் வாசல்கதவு வேலை செய்வதில்லை. சர்க்கரைப் பாகு நேராகக் குடலுக்குள் கொட்டும். அது ரத்தத்திலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும், குடல் ஹார்மோன்கள் ஒரேயடியாகப் பாயும். அரை மணி நேரத்துக்குள் வருவது ஒரு வகை. 1 முதல் 3 மணி நேரம் கழித்து வருவது இன்னொரு வகை. அதில் ஜி.எல்.பி.-1 அளவுக்கு மீறி இன்சுலினைச் சுரக்க வைத்து, சர்க்கரை பாதாளத்துக்குப் போய்விடும். பதநீர், கருப்பட்டிக் காபி, ஜூஸ் எல்லாமே இந்தப் பட்டியலில்தான். 'கருப்பட்டி நாட்டுச் சாமான், ஒண்ணும் செய்யாது' என்கிற சமாதானம் குடலுக்குத் தெரியாது. இரண்டாவது வகை அடிக்கடி வந்தால் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும், வண்டி ஓட்டும்போது மயங்கினால் என்ன செய்வது?

மாதவிடாய், பிள்ளை, ஆண்களின் சங்கதி

ஆஸ்பத்திரி பெஞ்சில் முக்கூடல் பக்கத்துப் பெண் ஒருத்தி பழக்கமானாள். பீடி சுற்றுகிறவள். "வயிறு தள்ளித் தள்ளி சுளகு மடியில நிக்காதுக்கா" என்று சிரிப்பாள். பி.சி.ஓ.டி. என்ற சினைப்பைக் கோளாறு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை தீட்டு, கல்யாணமாகி 9 வருஷம் பிள்ளை இல்லை. ஆபரேஷன் முடிந்து மூன்றாம் மாதமே மாதாமாதம் சரியாக வந்தது. ஐந்தாம் மாதம் நின்றது. ஆபரேஷனால்தான் நின்றது என்று நினைத்து விட்டுவிட்டாள். வாந்தி நிற்காமல் போனபோதுதான் கர்ப்பம் என்று தெரிந்தது.

இன்சுலின் ரத்தத்தில் அதிகமாக ஓடினால் சினைப்பை ஆண் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கும், முட்டை வெளிவராது. எடையும் இன்சுலினும் இறங்கியதும் அந்தப் பூட்டு சில மாதங்களிலேயே திறந்துகொள்ளும். எத்தனை வருஷம் பிள்ளை இல்லாவிட்டாலும், ஆபரேஷனுக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் கர்ப்பம் வேண்டாம் என்பதுதான் டாக்டர்கள் சொல்வது. தாய்க்கே சத்துப் பற்றாத காலம் அது. பைபாஸ் ஆனவர்களுக்குக் கருத்தடை மாத்திரை சரியாக உடம்பில் சேராமல் போகலாம். காப்பர்-டி போல வேறு வழியை மகப்பேறு டாக்டரிடம் கேளுங்கள். முக்கூடல்காரிக்கு மாதாமாதம் ரத்தம் பார்த்து, இரும்பும் பி12-உம் ஏற்றி, ஒரு பயல் நல்லபடியாகப் பிறந்தான். பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

ஆண்கள் இதைப் பேசவே மாட்டார்கள். வயிற்றுக் கொழுப்பு ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றும். எடை குறையும்போது டெஸ்டோஸ்டிரோன் பெரும்பாலும் தானாக ஏறும். அதற்கென்று தனி ஊசி போடும் முன் ஒரு வருஷம் பொறுத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள், அண்ணாச்சிமாரே.

தைராய்டு, எலும்பு, முடி

எடை குறையக் குறைய டி.எஸ்.எச். இறங்கும். தைராய்டு மாத்திரையின் டோஸ் மாறலாம். எனக்கு 100-லிருந்து 75 ஆயிற்று. அதை வெறும் வயிற்றில் போட வேண்டும், கால்சியமும் இரும்பும் அதிலிருந்து 4 மணி நேரம் தள்ளி. கால்சியமும் இரும்பும்கூட ஒன்றையொன்று இடிக்கும். என் ஏற்பாடு இது: விடியற்காலை தைராய்டு, 11 மணிக்கும் ராத்திரிக்கும் கால்சியம், மதியம் கழித்து இரும்பு. அடுப்படிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

கால்சியத்தில் சிட்ரேட் வகை கேளுங்கள். கார்பனேட் கரைய இரைப்பை அமிலம் வேண்டும், அது இப்போது குறைவு. நாளைக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம், ஒரே நேரத்தில் இல்லாமல் பிரித்து. இதைச் சோம்பலில் விட்டால் பாராதைராய்டு ஹார்மோன் ஏறி, ரத்தத்துக்கு வேண்டிய கால்சியத்தை எலும்பிலிருந்து உருவி எடுக்கும். ரத்தக் கால்சியம் மட்டும் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும், அதனால்தான் பாராதைராய்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன்.

மூன்றாம் மாதத்திலிருந்து சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வரும். பயப்படாதீர்கள், பெரும்பாலும் திரும்ப முளைக்கும். புரதமும் பெரிட்டினும் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வேகமாக மெலியும்போது பித்தப்பையில் கல் சேரும், அதற்கு ஆறு மாதம் ஒரு மாத்திரை கொடுக்கலாம். மது இந்த வயிற்றில் சட்டென்று ஏறும், பழக்கமாகவும் மாறிவிடும்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு

முதல் வருஷம் தேனிலவு. பசியே மறந்துபோகும். ஒன்றரை, இரண்டு வருஷத்தில் பசி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும். எனக்கு 5 கிலோ ஏறியது. பெரியம்மை அதையும் விடவில்லை: "வெட்டியும் ஏறுதே ளா!" கீழே போன எடையில் கொஞ்சம் திரும்புவது சகஜம். நிறையத் திரும்பினால் மறைந்து வாழாமல் டாக்டரிடம் போங்கள். 2025-ல் இந்தியாவுக்கு வந்த மவுஞ்சாரோ, வெகோவி ஊசிகள் இதே குடல் ஹார்மோன்களைப் போல நடிப்பவைதான். சிலருக்கு ஆபரேஷனுக்குப் பதிலாக, சிலருக்கு ஆபரேஷனுக்குப் பிறகு என்று கொடுக்கிறார்கள். நிறுத்தினால் பசி திரும்பும். மருந்துக் கடையில் நேராகப் போய் வாங்குகிற சமாசாரம் இல்லை.

ரத்தப் பரிசோதனை முதல் வருஷத்தில் 3, 6, 12-ஆம் மாதங்களில், பிறகு வருஷத்துக்கு ஒரு முறை, ஆயுள் முழுக்க. நான் ஆனித் தேரோட்டத்துக்கு மறுவாரம் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன், அப்படித்தான் மறக்காது.

பைலின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்: எந்த ஆபரேஷன், எந்தத் தேதி, சர்ஜனின் போன் நம்பர், இப்போது போடும் மாத்திரைகள். கடைசி வரியாக, 'டைக்ளோபெனாக், ஐபுபுரூபன் மாதிரி வலி மாத்திரை கொடுக்க வேண்டாம்'. தைத்த இடத்தில் புண் வந்துவிடும். போன மாதம் பல் வலி என்று ஒரு கிளினிக்கில் உட்கார்ந்திருந்தபோது, அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் எழுதிய சீட்டைக் கிழித்துப் போட்டு வேறு எழுதினார்.